மூணு சட்டிப் புழுவோடு கலெக்டர் ஆபீசுக்கு!



தை மாசக் கடைசியில் எங்க ஊர் எருக்குழி ஒண்ணைக் கிளறி முப்பது புழு பொறுக்கினோம். கட்டைவிரல் தண்டி இருக்கும், வளைஞ்சு சுருண்டு கிடக்குமே, அந்த வெள்ளைப் புழு. தென்னையில் குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டோட பிள்ளை அது. மூணு மண்சட்டி எடுத்து, மட்கின சாணியெருவைப் போட்டு, தண்ணி தெளிச்சு, சட்டிக்குப் பத்துப் புழு விட்டோம்.

முதல் சட்டியில் வெறும் எரு. இரண்டாவது சட்டியில் ஒரு பாக்கெட் பூஞ்சாண மருந்தைக் கலந்தோம். மானியத்தில் வந்த பாக்கெட். காலாவதி ஆக இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. ஆனால் போன கோடை முழுக்கத் தகரக்கூரை போட்ட ஒரு ரூமில் உரமூட்டைகளுக்கு நடுவே கிடந்த சரக்கு அது. மூணாவது சட்டியில் தயாராகி பதினைஞ்சு நாள்கூட ஆகாத புதுச் சரக்கு. மருந்து ஒண்ணுதான், பேரும் ஒண்ணுதான்: மெட்டாரைசியம்.

மூணு வாரம் கழிச்சு சங்க உறுப்பினர்கள் முன்னாடி சட்டியைக் கவிழ்த்தோம். முதல் சட்டியில் புழு கொழுகொழுன்னு நெளியுது. இரண்டாவது சட்டியிலும் அதே கதை, மருந்தைத் தின்னு கொழுத்த மாதிரி இருந்தது. மூணாவது சட்டியில் பெரும்பாலான புழு விறைச்சுக் கிடந்தது. மேலே முதலில் சுண்ணாம்பு பூசினாப்போல வெள்ளை, அது மேல பாசி படர்ந்த மாதிரி பச்சை. தொட்டால் நொறுங்குது.

இந்தப் பிரசுரமும், நாம் நடத்தப் போகிற ஆர்ப்பாட்டமும் அந்த இரண்டாவது சட்டிக்கும் மூணாவது சட்டிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகத்தான்.

"ஏம்பா செயலாளரே, பூச்சியை மருந்து கொல்லும், கோழி கொல்லும். பூசணம் எங்கேயாவது கொல்லுமா?" என்று எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவரே அதைப் பார்த்திருக்கிறார், பேர் தெரியாமல் பார்த்திருக்கிறார். ஐப்பசி அடைமழையில் மல்லாட்டைக் காட்டில் புரோடீனியா புழு இலையை அரிச்சுத் தள்ளும். நாலு நாள் மூட்டமாக இருந்து தூறல் விட்டதும் பார்த்தால், புழு இலை மேலேயே ஒட்டி, சுண்ணாம்புக் குச்சி மாதிரி வெளுத்துச் செத்துக் கிடக்கும். நாம் மருந்தே அடிச்சிருக்க மாட்டோம். "மழையில் புழு செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். மழை கொல்லவில்லை ஐயா. மழை ஈரத்தில் முளைச்ச பூஞ்சாணம் கொன்றது. நொமூரியா ரிலேயி என்று அதுக்குப் பேர். இப்போது அதையும் மெட்டாரைசியம் வகையறாவில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அது வேலை செய்கிற விதத்தைப் புரிஞ்சிக்கிட்டால்தான் நம்ம கோரிக்கை என்னன்னு புரியும். நாம் பொடியாகப் பார்க்கிறது எல்லாம் வித்து, விதை மாதிரி. அந்த வித்து புழு உடம்பில் ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் ஒரு நாளில் முளைவிட்டு, புழுவின் தோலைக் கரைச்சு, அழுத்தித் துளைச்சு உள்ளே போகிறது. உள்ளே போய் ரத்தத்தில் பெருகுகிறது, விஷத்தையும் கக்குகிறது. சின்னப் புழு நாலைந்து நாளிலிருந்து பத்து நாளுக்குள் சாகும். பெரிய புழுவுக்கு இன்னும் நாளாகும். செத்த உடம்பைப் பிளந்துகொண்டு பூஞ்சாணம் வெளியே வந்து மறுபடி வித்து விடுகிறது. புழு இதைத் தின்ன வேண்டிய அவசியமே இல்லை, பட்டாலே போதும். அதனால்தான் இலையைக் கடிச்சுத் தின்னாமல் சாறு உறிஞ்சுகிற பூச்சிகளுக்கும், மண்ணுக்குள் ஒளிஞ்சு கிடக்கிற புழுவுக்கும் இது ஆகிறது.

ஆக, இது உயிர். விதைமல்லாட்டை எப்படி உயிரோ அப்படி. செத்த விதையை எத்தனை மூட்டை விதைச்சாலும் முளைக்காது. செத்த பூஞ்சாணத்தை எத்தனை கிலோ போட்டாலும் புழு சாகாது.

இது நேற்றைக்கு யாரோ கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச புதுசரக்கு என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் பட்டுப்புழு வெள்ளை பூத்துச் சாகிறது ஒரு நுண்ணுயிரால்தான் என்று அகஸ்டினோ பாஸி 1835-லேயே காட்டினார். அவர் பேரைத்தான் பவேரியா பேசியானா என்கிற வெள்ளைப் பூஞ்சாணத்துக்கு வைத்திருக்கிறார்கள். 1879-ல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், ஒடெசா பகுதியில் கோதுமையை அழிச்ச வண்டுப் புழுவில் இந்தப் பச்சைப் பூஞ்சாணத்தைக் கண்டெடுத்தார். 1884-ல் உக்ரைனில் ஸ்மேலா என்கிற ஊரில் இதைப் பெருக்குவதற்குத் தனிக் கூடமே கட்டினார்கள். எதுக்கு? சர்க்கரை பீட்ரூட் விவசாயியைக் காப்பாற்ற! நூற்றி நாற்பது வருஷத்துக்கு முன்னாடி சர்க்கரைப் பயிர் செய்த விவசாயிக்குக் கிடைச்சது, இன்றைக்கு விழுப்புரத்தில் கரும்பு வைக்கிறவனுக்கு உயிரோடு கிடைக்கவில்லை.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். வேர்ப்புழு விழுந்த கரும்புக் கொல்லையைப் பார்த்தவனுக்கு விளக்கம் வேண்டாம். தோகை மஞ்சளாகும், தூர் தூராகக் காயும், பிடிச்சு இழுத்தால் கையோடு வரும், கீழே வேரே இருக்காது. மல்லாட்டையில் திட்டுத் திட்டாக வாடும். தண்ணி பத்தலைன்னு நினைச்சு மோட்டார் போடுவோம், மண்ணுக்குள் அவன் தின்னுக்கிட்டு இருப்பான். முன்னே இதுக்கு ஃபோரேட் குருணையை அள்ளிப் போட்டோம். கையில் துணிகூடச் சுத்தாமல் போட்ட காலம் உண்டு. அதை 2018-ல் போட்ட மத்திய அரசு உத்தரவு 2020 டிசம்பர் 31-லிருந்து தடை பண்ணிவிட்டது. எண்டோசல்பானை 2011-லேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸுக்கு 2023-ல் தடை வந்தது. தடை போட்டது தப்பு என்று இந்தச் சங்கம் சொல்லாது. அந்த மருந்தைக் குடிச்சும், அடிக்கும்போது மூச்சில் ஏறியும் போன உயிர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஆனால் ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டாமா? பழைய மருந்து போச்சு. கடையில் அதுக்குப் பதிலாகக் காட்டுகிற மருந்தின் விலையைக் கேட்டால் காணி கரும்பு வைக்கிறவன் திரும்பி வந்துவிடுகிறான்.

மாற்று இருக்கு. அது பூஞ்சாணம்தான் என்று பல்கலைக்கழகமும் சொல்லுது, துறையும் சொல்லுது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து ஊரையே கதிகலங்க வைத்ததே, அதுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்த முறையிலும் மெட்டாரைசியம் இருக்கு. தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ பிறகு மாநிலம் பூரா பரவியதே, அதுக்குப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இசாரியா என்கிற பூஞ்சாணத்தைப் பரிந்துரைக்குது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியிட்டது. காகிதத்தில் குறையே இல்லை.

குறை எங்கே? முதலில் காலத்தில். வேர்ப்புழு வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். சித்திரை, வைகாசியில் கோடைமழை ஒரு உழவு மழையாகப் பெய்ததும், அன்றைக்கே அந்தி சாயும்போது வண்டு மண்ணை விட்டுக் கிளம்பி வேப்பமரத்திலும் வேலமரத்திலும் மொய்க்கும். பிறகு மண்ணில் இறங்கி முட்டை வைக்கும். பத்து நாள் சுமாருக்குப் பொரியும். அந்தக் குஞ்சுப் புழு இருக்கிற வைகாசி, ஆனிதான் பூஞ்சாணம் போட வேண்டிய நேரம். ஆடி, ஆவணி தாண்டினால் புழு முத்திவிடும். முத்தின புழுவிடம் பூஞ்சாணமும் தோற்கும், மருந்தும் தோற்கும். அப்போ சரக்கு நம்ம கைக்கு எப்போது வர வேண்டும்? வைகாசி பிறக்கும்போது புதுசாக வர வேண்டும். வருவது எப்போது? மார்ச் மாசம், வருஷக் கணக்கு முடிக்கிற அவசரத்தில்! கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். அதுக்கப்புறம் நம்ம பக்கம் அடிக்கிற அக்கினி வெயிலில் அது வீட்டுப் பரணிலோ தகரக் கொட்டகையிலோ கிடந்து வேகும். 35 டிகிரிக்கு மேலே போனாலே இந்தப் பூஞ்சாணத்தின் வளர்ச்சி குன்றும். திண்டிவனத்தில் மே மாசம் எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தரம். பாக்கெட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்து இருக்க வேண்டும் என்பது மத்தியப் பூச்சிமருந்துப் பதிவுக் குழு வைத்திருக்கிற அளவு. பத்து என்று போட்டு அதன் தலையில் சின்னதாக 8 என்று அச்சடிச்சிருக்குமே, அதுதான் அந்தப் பத்துக் கோடி. பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் எல்லாம் இருக்க வேண்டும். நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் "பயோ, ஆர்கானிக்" என்று பளபளவென்று அச்சடிச்ச டப்பா வாங்கி ஏமாந்தேன். பதிவு எண்ணே இல்லை. என்ன பூஞ்சாணம் என்றுகூட எழுதவில்லை. பில் கேட்டதுக்கு, "நம்பிக்கை இல்லையா அண்ணே?" என்றார் கடைக்காரர். நம்பிக்கையோடு வந்து நம்பிக்கையோடு போட்டேன், அரைக்காணி கரும்பு போச்சு. பில் இல்லாததால் எங்கேயும் போய் நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போய்ப் படிச்ச எனக்கே இந்தக் கதி.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்க உறுப்பினர் ஒருத்தர் மல்லாட்டையில் காலையில் பவேரியா அடிச்சார். டிக்கா இலைப்புள்ளி தெரியுதே, ஆள் கூலி மிச்சம் என்று அதே டேங்கில் மேன்கோசெப்பையும் கலந்துவிட்டார். மேன்கோசெப் எதுக்கு இருக்கு? பூஞ்சாணத்தைக் கொல்லத்தானே! கார்பென்டசிம், காப்பர் ஆக்சிகுளோரைடு, போர்டோ கலவை எல்லாம் இதுக்கு எமன். முன்னே பின்னே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். மருந்து அடிச்ச டேங்கை நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றாதீர்கள். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், வெயிலின் கதிரே வித்தைக் கொன்றுவிடும். பொழுது சாயும்போது, ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். மண்ணில் போடுகிறவர்கள் ஏக்கருக்கு 2 கிலோவை 100 கிலோ மட்கின எருவில் கலந்து, தண்ணி தெளிச்சு, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் மூடிவைத்து, கரும்புக்கு மண் அணைக்கிற நேரத்தில் தூரோரம் போட்டு மூடலாம். இது பரவலாகச் சொல்கிற அளவு, பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதைப் பாருங்கள். போட்ட மறுநாள் போய்ப் பார்த்து, புழு சாகலையே என்று திட்டாதீர்கள். பொடியைக் கையாளும்போது மூக்கு வாயில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும். பட்டுப்பூச்சி வளர்க்கிற வீட்டுப் பக்கமும் மல்பெரிப் பக்கமும் பவேரியாவைக் கொண்டு போகவே கூடாது. அது முதலில் கொன்றதே பட்டுப்புழுவைத்தான்.

தென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். இரண்டும் நம்ம கடற்கரையைத்தான் குறி வைத்தது போல் வந்து போயின. புயலில் விழுந்த மரத்தை அப்படியே விட்டால், மட்கின தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். எருக்குழியிலும் வைக்கும். வண்டு பறந்து போய் மரத்தில் ஏறின பிறகு நாம் கொக்கி போட்டுக் குருத்தில் தோண்டுகிறோம், கொல்லைப்புறத்துக் குழியில் அதன் பிள்ளைகளுக்குச் சாணி போட்டு வளர்க்கிறோம்! மெட்டாரைசியம் போட வேண்டிய இடம் மரத்துச்சி இல்லை, எருக்குழிதான். அங்கே நிழல் உண்டு, ஈரம் உண்டு, தின்பதற்குப் புழு உண்டு. பூஞ்சாணம் கேட்கிற மூன்றும் அங்கே இருக்கு. ஆனால் ஒருத்தர் குழியில் மட்டும் போட்டால் பயன் குறைவு, வண்டு பக்கத்துக் குழியிலிருந்து வரும். ஊரே சேர்ந்து போட வேண்டிய மருந்து இது. சங்கம் தலையிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேசில் நாட்டில் பல லட்சம் ஹெக்டேர் கரும்பில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இதே மெட்டாரைசியத்தை வருஷா வருஷம் போடுகிறார்கள். அங்கே அரிசியில்தான் இதை வளர்க்கிறார்கள், சர்க்கரை ஆலைகளே கூடம் வைத்து வளர்த்த வரலாறு உண்டு. நம்ம மாநிலத்து ஆலைகளும் இடைக்கணுப் புழுவுக்கு ட்ரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை உற்பத்தி செய்து பழக்கப்பட்டவைதானே? ஒட்டுண்ணி வளர்க்கத் தெரிந்தவர்களுக்குப் பூஞ்சாணம் வளர்ப்பது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. நொய்யரிசி, பாலித்தீன் பை, பஞ்சு, குக்கர், நல்ல தாய் வித்து, சுத்தமான கை. பத்துப் பதினைஞ்சு நாளில் பை பச்சையாகும். ஐதராபாத்தில் உள்ள தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனம் விவசாயிகளுக்கே இதைச் சொல்லிக் கொடுக்கிறது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பையில் கறுப்போ, மஞ்சளோ, ரோஸ் நிறமோ பூத்தால் பிரிக்காமல் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். அது வேறு பூசணம், நமக்கே ஆகாதது.

மல்லாட்டை விதையில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று சொல்கிறோமே, அந்த டி.எம்.வி. திண்டிவனம்தான். இந்த ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகத்தை ஆந்திராக்காரனும் கர்நாடகாக்காரனும் விதைத்தான். அடுத்த மாநிலத்துக்கு விதை கொடுத்த மண்ணில், உயிருள்ள பூஞ்சாணத்துக்கு நாம் மனு எழுதிக்கொண்டு நிற்கிறோம்!

நாம் கேட்பது இவ்வளவுதான். பூஞ்சாண மருந்தை மார்ச்சில் கொட்டாதே, கோடைமழைக்குப் பிறகு வைகாசி, ஆனியில் கொடு. கொடுக்கிற ஒவ்வொரு தொகுதிக்கும் உயிர்வித்து எண்ணிப் பார்த்த ஆய்வறிக்கையை விரிவாக்க மையத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டு. தகரக் கொட்டகையில் வைக்காதே, குளிர்ச்சியான ஒரு ரூம் ஒதுக்கு. அதுக்கு ஆகிற செலவு மாட்டாஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கிற பிரிட்ஜுக்கு ஆகிற செலவுதான். தடுப்பூசியைக் குளிரில் வைக்கத் தெரிந்த அரசுக்கு இது தெரியாதா? பதிவு எண் இல்லாமல் "பயோ" பேரில் விற்கிற டப்பாக்களைக் கடை கடையாக மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பு. ஒன்றியத்துக்கு ஒரு சின்ன உற்பத்திக் கூடம் வை, மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் நடத்தட்டும், தாய் வித்தைத் திண்டிவனத்திலிருந்து கொடு, தரத்தை மாசாமாசம் சோதி. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைப் பகுதிகளில் கரும்பு பதிவு பண்ணும்போதே வேர்ப்புழுவுக்கான பூஞ்சாணத்தையும் ஆலையே கொடுக்கட்டும். புழு தின்ற கரும்பால் ஆலைக்கும் டன் குறையுதே!

இதை மனுவாக எழுதிக் கொடுத்தால் "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அது நமக்குப் பழக்கம். அதனால் இந்தத் தடவை மனுவோடு சட்டியும் போகிறது.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் இன்றைக்கே எருக்குழியைக் கிளறி முப்பது புழு பொறுக்குங்கள். மூணு சட்டி வையுங்கள். ஒன்றில் வெறும் எரு. ஒன்றில் உங்க ஊருக்கு வந்த மானியப் பாக்கெட். ஒன்றில் புதுச் சரக்கு, அதைச் சங்கம் வாங்கித் தரும். சட்டி மேல் ஊர்ப் பேர், பாக்கெட்டின் தொகுதி எண், கலந்த தேதி மூன்றையும் சுண்ணாம்பால் எழுதுங்கள். ஈரம் காயாமல் தினம் ஒரு கை தண்ணி தெளியுங்கள், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மானியப் பாக்கெட் சட்டியில் புழு செத்திருந்தாலும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். நல்ல சரக்கு எந்த ஊருக்கு வந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். பாக்கெட் காலி உறையையும், இருந்தால் பில்லையும் கூடவே எடுத்து வாருங்கள்.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தன்று காலை 9 மணிக்கு, பச்சைத் துண்டோடு, ஊருக்கு மூணு சட்டியோடு கலெக்டர் அலுவலக வாசலில் கூடுவோம். அதிகாரிகள் முன்னால் ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்ப்போம். மரக்காணம், வானூர் பக்கத்துக்காரர்கள் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், அங்கிருந்து வேன் புறப்படும். சட்டி உடையாமல் இருக்க வைக்கோல் பிரி சுற்றிக் கொண்டு வரவும்.

திரண்டு வாரீர்!